சடை போர்த்த யானைகள்
('காடு' திரைப்படத்தையும் அதன் காலத்து விலங்குத் திகிற்படங்களையும் பற்றிய ஒரு நோக்கு)

மலிவான திகிற்படம் என்றதும் படித்தவர் முகத்தில் ஓர் ஏளனப் புன்னகை தோன்றுதல் வழக்கம். இறப்பர்த் தோலைப் போர்த்துக்கொண்டு நடக்கும் அசுரப் பல்லி, நூலிற் கட்டித் தொங்கவிடப்பட்ட இராட்சதப் பறவை, அட்டைப் பெட்டிகளாற் கட்டப்பட்டு மறுகணமே நொறுங்கும் நகரம் என்பனவே அப்புன்னகைக்குரிய பொருள்கள். இத்தகைய படங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதே வீண்வேலை என்பாருமுளர். எனினும் மக்கள் எதற்கு அஞ்சினர், எதற்கு அஞ்சுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்பனவற்றை அறிய விரும்பும் ஒருவர் உயர்ந்த படங்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வருதல் இயலாது. அச்சம் மலிவான இடங்களிலேதான் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது.

இவ்வகைப் படங்களின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவையும் யப்பானையும் சார்ந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடமுண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1952ஆம் ஆண்டு என்றதும் தமிழ்த் திரைப்பட வரலாற்றாசிரியர் 'பராசக்தி'யை நினைவு கூர்வர். அதே ஆண்டிலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனமும் அமெரிக்காவின் லிப்பேட் நிறுவனமும் கூட்டாகத் தயாரித்த ஒரு படம் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'த ஜங்கிள்' என்றும் தமிழில் 'காடு' என்றும் பெயர் பெற்ற அப்படத்தின் பயங்கரம், பனியூழிக் காலத்து மமத் எனப்படும் சடைமயிர் யானையாகும். அதற்கு வேடமிட்டவை நம் நாட்டு யானைகளே. அவற்றின் மேல் சடைமயிர்ப் போர்வையைச் சாத்தி, பொய்த் தந்தங்களைப் பொருத்தி, ஊழிக்கால உயிரிகளாக்கிக் கமராவின் முன் நிறுத்தினர்.

சிரிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். ஆயினும் சிரித்து முடித்தபின் எஞ்சி நிற்கும் வினாக்கள் சில உள. அவற்றுள் முதன்மையானது, யானை வாழும் நாட்டிலே யானையைக் கொண்டு அச்சமூட்ட வந்தவர்களுக்கு யானை ஏன் போதாமற் போயிற்று என்பதாகும்.

இதனை ஆராயுமுன் மலிவு என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துவிடுதல் நன்று. 1948ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் பெருங் கலையகங்கள் திரையரங்குகளையும் தாமே உடைமையாக வைத்திருக்கும் முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்துத் தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்தது. குடும்பங்கள் அரங்குகளை விட்டு நீங்க, இளைஞர் மட்டும் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தனர். அவர்களுக்காக ஒரு வாரத்திலும் பத்து நாளிலும் எடுத்து முடிக்கப்பட்ட படங்களே இவை. 1953இல் வெளிவந்த 'றோபோட் மொன்ஸ்ரர்' என்ற படத்திற் பூமியை அழிக்க வரும் வேற்றுலகத்தான், மனிதக்குரங்கின் உடையும் சுழியோடியின் தலைக்கவசமும் அணிந்து தோன்றுகிறான். அப்படத்துக்கு ஏறத்தாழ 16,000 டொலர் செலவாயிற்று. குரங்குடையைச் சொந்தமாக வைத்திருந்த நடிகர் ஒருவர் கிடைத்தமையாலேயே பயங்கரத்தின் உருவம் அவ்வாறு அமைந்தது. 1957இல் வந்த 'த ஜயன்ற் குளோ'வின் இராட்சதப் பறவை மெக்சிக்கோவிற் செய்விக்கப்பட்ட ஒரு பொம்மை. நடிகர்கள் அப்பொம்மையை முதன்முதலாகக் கண்டதே படம் திரையிடப்பட்ட அன்றுதான் என்றும், கதாநாயகன் வெட்கித்து அரங்கை விட்டு எழுந்து சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

ஆனால் சாதனங்களின் வறுமை கலையின் வறுமையாகிவிடாது என்பதை நாட்டுக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து ஆடப்படும்போது மதுரைக்குச் செல்லும் வழியிலுள்ள காட்டை எவரும் மேடையிற் கட்டுவதில்லை. பாட்டும் தாளமும் காலடியும் காட்டைக் கொண்டுவந்துவிடுகின்றன. வட்டக்களரியைச் சுற்றி அமர்ந்திருப்போர் தாளக்கட்டு மாறியதும் காட்டுக்குள் நுழைந்துவிடுகின்றனர். கட்டை முடியைக் கண்டு 'இது மரம்' என்று சிரிப்பவரை அக்கூட்டம் அறியாதவர் என்றே கருதும். எனவே போர்வை போர்த்த யானையை மமத் என ஏற்கும் மனம் தமிழ்ப் பார்வையாளரிடம் இல்லாமலில்லை. ஏற்கச் செய்யும் வலிமை கதையிடம் உண்டா என்பதே பார்க்கப்பட வேண்டியது.

'காடு' உருவான சூழலைச் சிறிது நோக்குவோம். ரி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், ஒரு தொழிற்சாலையைப் போன்ற ஒழுங்குடன் படங்களைத் தயாரித்த கலையகம். மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கிருந்தே வந்தது. முழுவதும் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) பின்னர் அங்கிருந்தே வந்தது. அமெரிக்கருடன் சேர்ந்து தொழில் செய்வது அந்நிறுவனத்துக்குப் புதிதுமன்று; எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'மந்திரி குமாரி' 1950இல் வெளிவந்திருந்தது. மறுபுறத்தில் றொபேட் லிப்பேட் திரையரங்கு உரிமையாளராயிருந்து படத்தயாரிப்புக்கு வந்தவர். தம் அரங்குகளுக்கும் அவை போன்றவற்றுக்கும் குறைந்த செலவிற் படங்கள் வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. அவரது 'லொஸ்ற் கொன்ரினென்ற்' (1951) என்ற படத்தில் ஊழிக்கால விலங்குகள் வாழும் மலையுச்சிக் காட்சிகள் பச்சை நிறமேற்றப்பட்டிருந்தன. வண்ணப்படத்துக்குப் பணமில்லாதபோது கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் சாயமேற்றிப் புதுமை காட்டுவது அவரது வழக்கம். 'காடு' படமும் அவ்வாறே செம்பழுப்புச் சாயத்தில் வெளியிடப்பட்டது. அப்படத்தில் நடித்த சீசர் றொமேரோவும் அதன் கதையை எழுதிய கரோல் யங்கும் 'காடு' படத்திலும் இடம்பெற்றமை தற்செயலன்று. முந்திய ஆண்டில் விலைபோன சரக்கை அடுத்த ஆண்டில் வேறு நாட்டில் வைத்துச் செய்து பார்த்தனர் என்பதே பொருந்தும்.

வில்லியம் பேர்க் இயக்கிய இப்படத்தின் கதை எளியது. இந்தியச் சமஸ்தானம் ஒன்றிலே யானைக் கூட்டங்கள் வெறிகொண்டோடி ஊர்களை அழிக்கின்றன. இளவரசியாக மேரி வின்ட்சரும், அவளது ஆலோசகன் இராம் சிங்காகச் சீசர் றொமேரோவும், அமெரிக்க வேட்டைக்காரன் ஸ்ரீவ் பென்ற்லியாக றொட் கமரனும் நடித்தனர். முன்னொரு முறை இளவரசியின் சகோதரனுடன் காட்டுக்குச் சென்று தனியே மீண்டவன் இவ்வேட்டைக்காரன். மமத்துகளைக் கண்டதாகவும் அவையே யானைகளை விரட்டுவதாகவும் அவன் கூறுகிறான். இராம் சிங் அவனைக் கோழையென்றும் பொய்யனென்றும் கருதுகிறான். உண்மையறிய மீண்டும் ஒரு பயணம் புறப்படுகிறது. துணை வேடத்தில் நம் எம். என். நம்பியாரும் தோன்றுகிறார், அவர் நடித்த அமெரிக்கப் படம் இது ஒன்றே.

கண்டவன் சொல்லை ஊர் நம்பவில்லை என்பது நல்ல கரு. உலகக் கதைகளிற் பழைமையான கருக்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் இப்படத்தில் அது யாருக்கு வழங்கப்பட்டுள்ளது என்பது கவனிக்கத்தக்கது. யானைகளால் அழிவது ஊர், வீடிழப்போர் ஊரார், காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரும் அவர்களே. எனினும் அவர்களுடைய சாட்சியத்துக்குக் கதையை நகர்த்தும் உரிமை இல்லை. அமெரிக்க வேட்டைக்காரனின் சொல் மெய்யா பொய்யா என்பதே படத்தின் வழக்கு. வாதியும் பிரதிவாதியும் குதிரை மேலும் யானை மேலும் செல்ல, பாதிக்கப்பட்டோர் ஓடுவதற்காக மட்டும் திரைக்கு வருகின்றனர். தமிழகத்துப் பொருள், தமிழ்த் தொழிலாளர் உழைப்பு, நம் நாட்டுக் காடு, நம் யானை எல்லாம் சேர்ந்து ஆக்கிய படத்தில் மண்ணின் மக்களுக்குக் கிடைத்த பங்கு இவ்வளவே.

இங்கே உருத்திரபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்ட இரணைமடுக் குளமும், 1936இல் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றமும், அதன்பின் வந்த திட்டங்களும் இல்லையேல் அவ்வூரின் இன்றைய வயல்வெளி இல்லை. பழைய சிவன் கோயில் ஒன்று காட்டுக்குள் இருந்த இடத்திற் காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, வரம்பு கட்டிக் குடியேறியோரின் ஊர் அது. காலபோக நெல் கதிர் முற்றும் தை மாதத்திற் காட்டோர வயல்களுக்குக் காவலிருப்பது வன்னியின் பழைய வாழ்க்கைமுறை. காவற்கொட்டிலின் முன் தீ எரியும். வெடியும் ரோச் லைற்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பன்றி வந்தாற் சத்தம் வரும். யானை வந்தாற் பல வேளைகளிற் சத்தமே வராது. அத்தனை பெரிய உடல் அத்தனை மெல்லென நடந்து வருவதிலேயே யானையின் பயங்கரம் அடங்கியுள்ளது. இருட்டின் ஒரு பகுதி அசைவதாகத் தோன்றி, அதற்குப் பின்னரே அது யானை என்பது புலப்படும்.

இத்தகைய இரவுகளைக் கழித்த ஒரு முதிய கமக்காரர் 'காடு' படத்தைக் காண நேர்ந்தால் அவர் சிரிக்கக்கூடும். ஆனால் பட்டணத்துப் பார்வையாளர் சிரிக்கும் இடத்தில் அன்று. பொய்ச்சடை அவருக்குப் பெரிய குற்றமாகத் தோன்றாது. யானையைப் பயமுறுத்த இன்னொரு விலங்கு வேண்டியிருந்தது என்பதே அவருக்கு விளங்காது. யானை ஊருக்குள் வருவதற்குரிய காரணத்தை அவர் அறிவார். அதன் தடத்திலே வயல் இருக்கிறது, அதன் நீர்நிலைக்கும் காட்டுக்குமிடையில் வேலி இருக்கிறது, நெல் இனிக்கிறது. பனியூழியிலிருந்து ஒரு பிராணியை இறக்குமதி செய்து, யானைக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள இந்த நேரடி வழக்கைப் படம் மூடிவிடுகிறது. குடியானவனுக்கும் யானைக்கும் தீராத கணக்கொன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், நிலம் யாருடையது, காட்டை வெட்டியவர் யார், வெட்டச் சொன்னவர் யார் என்ற கேள்விகள் வந்துவிடும். மமத்துக்கு அத்தொல்லை இல்லை. அதற்கு ஊரில் உறவும் இல்லை, வழக்கும் இல்லை.

விலங்கியல் நோக்கில் ஒன்று சொல்லிவிடலாம். மமத், ஆபிரிக்க யானையைவிட ஆசிய யானைக்கே நெருங்கிய இனம் என்பது பின்னாளில் மரபணு ஆய்வால் உறுதியாயிற்று. ஆகவே வேடத்துக்கு நம் யானையைத் தெரிந்ததிற் படக்குழுவினர் தம்மை அறியாமலே சரியானதைச் செய்தனர். வட துருவத்தை அடுத்த தீவொன்றில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வரை எஞ்சி வாழ்ந்து மறைந்த குளிர்நாட்டு விலங்கைத் தென்னாட்டு வெயிலில் நடமாட விட்டது வேறு செய்தி. அவ்வெயிலிற் கம்பளி சுமந்து நின்ற யானைகளுக்காக எவரும் இரங்கியதாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில் இலங்கையிற் படமாக்கப்பட்ட இன்னொரு அமெரிக்கப் படத்தோடு இதனை ஒப்பிடல் பயன்தரும். 1954இல் வெளிவந்த 'எலிபன்ற் வோக்' மலிவான படமன்று, திகிற்படமுமன்று. பரமவுண்ட் நிறுவனத்தின் பெருஞ்செலவுப் படம் அது. முதலில் நடித்த விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் ரெய்லர் அவ்விடத்துக்கு வந்தார். தூரக் காட்சிகள் சிலவற்றில் இன்றும் விவியன் லீயே தெரிகிறார் என்பர். அதன் கதையில் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் தேயிலைத் தோட்ட மாளிகையை யானைகளின் பழைய தடத்துக்குக் குறுக்கே கட்டுகிறான். அவன் இறந்தபின்னும் அவனுடைய பிடிவாதம் அம்மாளிகையை ஆள்கிறது. யானைகள் ஆண்டுதோறும் வந்து மதிலோரம் நின்று திரும்புகின்றன. வரட்சியும் வாந்திபேதியும் வந்த ஆண்டில் அவை மதிலை உடைத்து மாளிகைக்குள் நுழைகின்றன. மாளிகை எரிந்து அழிகிறது.

அப்படத்திற் குறைகள் பல. தோட்டத் தொழிலாளர் அதிலும் பின்னணிக் கூட்டமாகவே நிற்கின்றனர். அவர்களுடைய சாவு கதாநாயகியின் மன மாற்றத்துக்கு ஒரு சந்தர்ப்பமாகவே பயன்படுத்தப்படுகிறது. எனினும் ஒன்றை அது அறிந்திருந்தது. யானைக்கு ஒரு நியாயம் உண்டு. மனிதன் கட்டியது அதன் வழியில் நிற்கிறது என்பதே அது. அதனால் இறுதிக் காட்சியில் யானைகள் படிக்கட்டை நொறுக்கும்போது அச்சத்தோடு வேறொன்றும் பார்வையாளர் மனத்தில் எழுகிறது. கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது கடன் வாங்கியவனுக்கு எழும் உணர்வு அது. 'காடு' படத்தின் மமத்துகளிடம் எவரும் கடன்படவில்லை.

இவ்வளவுகோலை வைத்து நோக்குமிடத்து அக்கால விலங்குத் திகிற்படங்களிற் சில ஏன் நின்றன, பல ஏன் மறைந்தன என்பது ஓரளவு தெளிவாகும். யப்பானின் 'கொட்சில்லா' 1954 நவம்பரில் வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சு, யப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்தோரைத் தாக்கியிருந்தது. ஹிரோசிமாவும் நாகசாக்கியும் எரிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. இஷிரோ ஹொண்டா அப்படத்தை இயக்கினார். ஏறத்தாழ 100 கிலோகிராம் பாரமான இறப்பர் உடைக்குள் ஹருவோ நக்காஜிமா நின்று நடந்தார். யப்பானிய அளவில் அது மலிவான படமன்று என்றாலும், உள்ளே மனிதன் இருப்பது எவர்க்கும் தெரியும். தெரிந்தும் அம்மக்கள் சிரிக்கவில்லை. மருத்துவமனைத் தரையிற் காயப்பட்டோர் நிரையாகக் கிடத்தப்பட்ட காட்சியைச் சிரித்துக்கொண்டு பார்க்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. அதே படம் 1956இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவனின் காட்சிகள் புதிதாக எடுக்கப்பட்டு இடையிடையே ஒட்டப்பட்டன. அழிந்த நகரத்தாரின் வாயிலிருந்து சாட்சியத்தை எடுத்து வந்துபோனவனின் வாயில் வைத்த செயல் இது. 'காடு' படத்தில் முதலிலேயே செய்யப்பட்டது இங்கே பின்னர் செய்யப்பட்டது என்பதே வேறுபாடு.

அமெரிக்காவிலும் விதிவிலக்குகள் உள. 1954இல் ஜக் ஆர்னல்ட் இயக்கிய 'கிரீச்சர் புறொம் த பிளக் லகூன்' படத்தில் அமேசன் நதியின் காயல் ஒன்றுக்குள் ஆராய்ச்சிக் குழுவொன்று நுழைகிறது. நீருக்குள் வாழும் மனித மீனொன்றைப் பிடிக்க முயல்கிறது. ஓரிடத்திற் கதாநாயகி படகிலிருந்து சிகரெட்டுத் துண்டை நீருக்குள் எறிய, அடியிலிருந்து அவ்விலங்கு மேனோக்கிப் பார்க்கிறது. பத்து நொடியும் நீடியாத காட்சி. வீட்டுக்காரர் யார், அத்துமீறி வந்தவர் யார் என்பது அதற்குள் சொல்லப்பட்டுவிடுகிறது. மலிவான படங்களின் இயக்குநர் ஒருவருக்கு இது இயலுமாயிருந்தது என்பதை மலிவைப் பழிப்போர் கருத்திற் கொள்ள வேண்டும்.

தமிழ் மரபுக்கு இந்த உறவு புதிதன்று. குறிஞ்சித் திணையில் தினைப்புனங் காத்தலும் பரணும் கவணும் காதலுக்குக் களம் மட்டுமல்ல; யானையோடு நிகழும் நாளாந்தப் பிணக்கின் அடையாளங்களுமாகும். பத்துப்பாட்டினுள் ஒன்றான மலைபடுகடாம், மலையின் ஓசைகளை யானையின் மதத்தோடு உவமித்துப் பெயர்பெற்றது. பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் அந்நூல், காட்டு வழியின் இடர்களை வரிசைப்படுத்துகையிற் புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லிலிருந்து ஒதுங்கிச் செல்லுமாறு எச்சரிக்கிறது. யானையை விட யானைக்கு எறிந்த கல்லே வழிப்போக்கனைக் கொல்லக்கூடும் என்ற அறிவு, காட்டோரத்தில் வாழ்ந்தோரிடமிருந்தே புலவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். சேலத்துக்கு வந்த திரைக்கதையாசிரியர் அத்தகையோர் எவரிடமும் உசாவியதாகப் படத்திற் சுவடில்லை.

வன்னியின் நாட்டார் இலக்கியத்தில் இதனினும் அண்மையான சான்றுண்டு. வேலப்பணிக்கன் ஒப்பாரி என வழங்கும் பாடலின் நாயகி அவன் மனைவியாகிய அரியாத்தை. எவராலும் அடக்க முடியாத யானையைப் பிணித்துவந்த பெண் அவள். அருஞ்செயல் செய்தவள் பின்னர் மனிதரின் பொறாமைக்கு இரையாகிறாள். கணவன் அவளை நினைந்து புலம்புகிறான். யானை இங்கு பேரச்சத்துக்குரியதே. ஆயினும் அதனோடு பழகும் முறையொன்று உண்டு. அம்முறையை அறிந்தோர் ஊரில் உண்டு. அவர்களுள் ஒருத்தி பெண். கொடுமை காட்டிலிருந்து வருமென எதிர்பார்த்திருக்க, அது வீட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது. இக்கதையை ஒப்பாரியாகப் பாடியோரிடம் பனியூழி விலங்கு எதுவும் இருக்கவில்லை. அச்சத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருந்தனர். திரைப்படத்துக்குரிய கதை ஒன்று இப்பாடலில் இருந்தும் எவரும் அதனைக் கருதாமற் போனமை வருந்தத்தக்கதே.

பின்வந்த தமிழ்ப் படங்கள் 'காடு' காட்டிய வழியிற் செல்லவில்லை. விலங்கை அந்நியப் பயங்கரமாக நிறுத்துவதற்குத் தமிழ்த் திரை உலகம் ஆர்வங்காட்டவில்லை. சாண்டோ சின்னப்பா தேவரின் 'தெய்வச் செயல்' (1967), 'நல்ல நேரம்' (1972) முதலியவற்றில் யானை தோழனாகவும் வீட்டில் ஒருவனாகவும் வருகிறது. இவற்றின் கலைத்தரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆயினும் யானைக்கு மனமுண்டு, கோபமுண்டு, நன்றியுண்டு என்ற நம்பிக்கை அவற்றில் இருந்தது. மக்கள் அதனை ஏற்றனர். வேற்றுலகத்தாரைக் கொண்டுவந்த 'கலை அரசி'யிலோ (1963) அவர்கள் பூமியை அழிக்க வரவில்லை. தம் உலகத்தாருக்கு இசை கற்பிக்க ஒரு பாடகியைக் கடத்திச் செல்ல வருகின்றனர்! அக்கடத்தற்காரனும் நம்பியாரே. அமெரிக்காவில் அதே வேற்றுலகத்தார் நகரங்களைச் சாம்பலாக்கிக் கொண்டிருந்தபோது, தமிழிற் சங்கீதப் பயிற்சிக்கு ஆள் தேடினர் என்பது சிரிப்புக்குரியதாயினும், ஒரு சமூகம் தன்னிடம் பிறர் கவரத்தக்கது எதுவென எண்ணியது என்பதை அது காட்டுகிறது.

குறைந்த செலவிற் பயங்கரம் படைப்பதில் உண்மையான வாரிசு பி. விட்டலாச்சாரியாவே எனலாம். தெலுங்கில் எடுத்துத் தமிழில் ஒலிமாற்றி வந்த அவருடைய படங்களைப் பார்த்து இரவிற் கிணற்றடிக்குச் செல்ல அஞ்சிய தலைமுறை ஒன்றுண்டு. 1978இல் வந்த 'ஜகன்மோகினி'யிற் பேய் சமைக்கும்போது விறகுக்குப் பதிலாகத் தன் கால்களை அடுப்புக்குள் நீட்டுகிறது. இதற்கு மெக்சிக்கோப் பொம்மையும் வேண்டியதில்லை. சடைப் போர்வையும் வேண்டியதில்லை. ஓர் அடுப்பும் கமராவை நிறுத்தி ஓட்டும் பழைய தந்திரமும் போதும். நாள்தோறும் காணும் அடுப்படியே அன்றிரவு வேறாகத் தெரிகிறது. பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என இப்படங்களைக் கண்டிப்போரின் கூற்றில் நியாயமுண்டு. பேய் நம்பிக்கையை அவை வளர்த்தன என்பதும் மறுக்கற்பாலதன்று. ஆனால் அச்சம் எங்கே குடியிருக்கிறது என்ற ஒன்றில் விட்டலாச்சாரியா லிப்பேட்டை விடத் தெளிவாயிருந்தார்.

'காடு' ஒரு வேடிக்கைப் படம், வேடிக்கைப் படத்திடம் இத்தனையையும் கேட்பது கொடுமை என்ற மறுப்பு எழலாம். அம்மறுப்புக்குச் சற்று வலிமையுண்டு. தென்னாட்டுக் கலையகம் ஒன்று இந்தியா விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து உலகச் சந்தைக்குப் படம் அனுப்பியது சிறிய செயலன்று. யானைக் கூட்டம் காட்டுக்குள் நகரும் காட்சிகளில் உள்ள உண்மைத் தன்மை, கலிபோர்னியாவின் பாறைகளுக்கிடையில் எடுக்கப்பட்ட எந்த மலிவுப் படத்துக்கும் வாய்த்ததில்லை. அவை வெறும் யானைகளாக நடக்கும்வரை படமும் நடக்கிறது. குறை அங்கேதான் தொடங்குகிறது என்பதால் மறுப்பு முழுதும் நிலைக்கவில்லை. கையிலிருந்த பொன்னுக்கு முலாம் பூசியவர்களைப் பொன் இல்லாதவர்கள் என்று மன்னித்தல் இயலாது.

யானை பற்றிய அச்சம் இந்நாட்டில் வேடிக்கைப் பொருளாக மாறிவிடவுமில்லை. இலங்கையில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இவ்வழக்கில் உயிரிழந்தனர். போரின் இறுதி ஆண்டுகளில் வன்னி மக்கள் முற்றாக இடம்பெயர்ந்து, 2009இன் இறுதியிலிருந்து சிறிது சிறிதாக மீண்டபோது, கைவிடப்பட்ட வயல்கள் பலவற்றைக் காடு எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை காடு வெட்டியோர் தம் பேரர் காலத்தவரைப் போலவே காவற்கொட்டில் கட்டினர். அங்கே இரவில் வருவது எதுவென்பதிலும், அதனை முதலில் யார் காண்கின்றனர் என்பதிலும் ஐயமில்லை.

'காடு' படத்தின் பிரதி கிடைப்போர் மமத்துகள் தோன்றும் காட்சியை ஒலியை அடக்கிவிட்டு ஒருமுறை பார்த்தல் வேண்டும். சடையின் கீழே தெரியும் கால்கள் வெறிகொண்ட விலங்கின் கால்களல்ல. பாகனின் குரலுக்குப் பழகிய, கோயில் வீதியிலும் மரக்கூப்பிலும் காணத்தக்க, அவசரமற்ற நடை அது. தோளிற் கிடப்பது என்னவென்று அறியாமல், சொன்ன இடத்துக்குச் சென்று, சொன்ன இடத்தில் நிற்கின்றன.